வ.உ.சி.யின் சன்னதும் இன்றைய பார் கவுன்சிலும்



ஒவ்வொரு செப்டம்பர் 5-ஆம் தேதியும் என் கைப்பேசி உங்கள் ஆசிரியர் தின வாழ்த்துகளால் நிரம்பிவிடுகிறது. சந்தோஷம். அதே செப்டம்பர் 5-ஆம் தேதிதான், 1872-ல், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். வகுப்பில் நான் இதைச் சொல்லாமல் விட்ட வருஷம் கிடையாது. கப்பல் ஓட்டியது, செக்கிழுத்தது இரண்டும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைக்காத இன்னொரு சங்கதி உண்டு. அவருடைய வக்கீல் சன்னது பறிபோனதும், பல ஆண்டு கழித்து அது திரும்பி வந்ததும்தான் அது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

எழுத ஒரு காரணமும் இருக்கிறது. இந்த ஆண்டு ஒரே மாதத்தில் என் பழைய மாணவர்கள் இருவர் போன் செய்தார்கள். ஒருவர் மலையில் சாமை விதைத்துப் பிழைப்பவர். விபத்து வழக்கில் வந்த நஷ்டஈட்டுப் பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது, மீதியைக் கேட்டால் வக்கீல் ஆபீசில் பதில் இல்லை என்றார். "சார், வக்கீல் மேலயே யார்கிட்ட சார் போய் சொல்றது?" என்று கேட்டார். இன்னொருவர் தானே வக்கீல். வேறொரு வழக்கில் தோற்ற கட்சிக்காரர் ஒருவர் அவர்மேல் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதிவிட்டார். தொழிலே போய்விடுமோ என்று அவருக்குத் தூக்கம் இல்லை. இருவர் கேட்டதற்கும் பதில் ஒரே வரலாற்றில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பறிபோன சன்னது

வ.உ.சி.யின் தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். மகன் 1894-ல் பிளீடர் தேர்வில் தேறி, மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம், 1908 தொடக்கத்தில் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் மாதம் கைது. 1908 ஜூலை 7-ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். இரட்டை ஆயுள் தண்டனை, கணக்குக்கு 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வெளியே வந்தவருக்குச் சன்னது இல்லை. ராஜத்துரோகக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. கப்பல் கம்பெனியும் போய்விட்டது. அவர் படித்த படிப்பு ஒன்றுதான், தெரிந்த தொழில் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டார்கள். சென்னையில் குடும்பத்தோடு தங்கி, அரிசிக் கடை உள்பட என்னென்னவோ சில்லறை வியாபாரங்கள் செய்து பார்த்தார். நண்பர்கள் அனுப்பிய உதவியில் மாதம் ஓட்டினார். நடுவில் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார், தொல்காப்பியத்தில் உழைத்தார். தமிழுக்கு இதில் லாபம்தான். ஆனால் அவர் வீட்டு அடுப்புக்கு லாபம் இல்லை.

சிறைத் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. சன்னது பறிப்புக்குத் தேதி இல்லை. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும். நான்கரை ஆண்டு சிறை முடிந்த பிறகும் தண்டனை அவரை விடாமல் பல ஆண்டு தொடர்ந்தது.

கடைசியில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முயற்சியெடுத்துச் சன்னதை மீட்டுக் கொடுத்தார். வ.உ.சி. கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீலாக இருந்தார். நன்றி மறக்காத மனிதர். தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வாலஸ் என்ற பெயர்தான் அப்படி வாலேசுவரன் ஆயிற்று. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை போனவர், ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்தார் என்றால், அந்தச் சன்னது அவருக்கு எவ்வளவு பெரிய பொருள் என்று புரிந்துகொள்ளலாம். 1936 நவம்பர் 18-ல் மறையும்போது அவர் மறுபடியும் ஒரு வக்கீல்.

அந்தக் காலத்துச் சட்டம் என்ன சொன்னது?

அப்போது பிளீடர்களை ஆண்டது 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம். அதில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குற்ற வழக்கில் தண்டனை பெற்று, அந்தக் குற்றம் அவரிடம் குணக்கேடு இருப்பதைக் காட்டினால், உயர் நீதிமன்றம் அவரை நீக்கலாம். இரண்டு, தொழிலில் மோசடியோ பெரிய முறைகேடோ செய்தால், குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, தேதி குறித்து விசாரித்து, உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பி நடவடிக்கை எடுக்கலாம்.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. கட்சிக்காரர் பணத்தைத் தின்றவர், பொய்ப் பத்திரம் தயாரித்தவர் வெளியே போகத்தான் வேண்டும். சிக்கல் 'குணக்கேடு' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. அதற்கு அர்த்தம் சொல்பவர் யார்? நாட்டுக்காகப் பேசியது குணக்கேடா? சர்க்காரே உயர் நீதிமன்றத்தையும் சட்டத்தையும் வைத்திருந்த காலத்தில், இந்தக் கேள்விக்கு வக்கீல்கள் பதில் சொல்ல முடியாது. சன்னதைக் கொடுப்பதும் பிடுங்குவதும் அவர்கள் கையில் இல்லை.

வ.உ.சி. மட்டும் அல்ல. லண்டனில் இந்தியா ஹவுஸ் நடத்திய சியாம்ஜி கிருஷ்ணவர்மாவை, பத்திரிகையில் எழுதியதற்காக 1909-ல் இன்னர் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சங்கம் நீக்கியது. அதே சங்கம்தான் காந்தியடிகளையும் நீக்கியது. 1922 மார்ச்சில் ராஜத்துரோக வழக்கில் அவருக்கு ஆறாண்டு தண்டனை. அதே ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். மறுபடி சேர்த்தது எப்போது தெரியுமா? 1988-ல். அவர் மறைந்து 40 ஆண்டு கழித்து. கிருஷ்ணவர்மாவின் பெயர் சேர்ந்தது 2015-ல்.

கவனியுங்கள். இன்னர் டெம்பிள் அரசு அலுவலகம் அல்ல. பாரிஸ்டர்களே நடத்துகிற, நூற்றாண்டுகள் பழமையான தொழில் சங்கம். அரசு செய்தால் தப்பு, தொழில்காரர்களே செய்தால் நியாயம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அங்கே தொழில்காரர்களும் ஆட்சியின் கண்ணால்தான் பார்த்தார்கள்.

நம் ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தானே சார்?" என்று ஒருவர் கேட்பீர்கள். முழுக்க அப்படி இல்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக நாம் படிப்பவை. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சின்னப் பையனைக் கொண்டு எடுக்கச் சொல்லும் முறை. யார் நிற்கலாம் என்று சொல்லும் பகுதியை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். யார் நிற்கக் கூடாது என்ற பகுதிதான் எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரியும்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் என்று உறவுமுறைப் பட்டியலே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிறர் பொருளைத் திருடியவருக்கும் இடம் இல்லை.

இது தொழில் சங்கம் அல்ல, ஊர்ச்சபை. ஆனாலும் மூன்று விஷயங்களை அவர்கள் தெளிவாக வைத்திருந்தார்கள். எது தப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். எல்லாரும் வந்துபோகும் கோயில் சுவரில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எழுதினார்கள். முதல் தப்பாகக் கணக்குக் காட்டாததையே வைத்தார்கள். நம்பிக் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல மறுப்பவன் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம். இன்றைய பார் கவுன்சில் விதிகளில், கட்சிக்காரரின் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும் என்று இருப்பதும் இதே சாரம்தான். உறவினரையும் சேர்த்துத் தண்டித்ததை இன்று ஏற்க முடியாது. அதை அந்தக் காலத்தோடு விட்டுவிடலாம்.

வக்கீல்கள் கைக்கு வந்த கதை

1926-ல் இந்திய பார் கவுன்சில் சட்டம் வந்தது. வக்கீல்மேல் புகார் வந்தால் பார் கவுன்சிலின் குழு விசாரிக்கலாம். ஆனால் முடிவு சொல்வது உயர் நீதிமன்றம். பாதிக் கதவு திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நல்ல வேலை செய்தது. தலைமை நீதிபதி கூட்ஸ் டிராட்டர், வெறும் கவனக்குறைவு வேறு, தொழில் ஒழுங்கீனம் வேறு என்று பிரித்துச் சொன்னார். அசட்டையாக இருந்தது மட்டும் ஒழுங்கீனம் ஆகாது, அதில் நேர்மைக் கேடு கலந்திருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு எத்தனையோ தீர்ப்புகளில் இந்த எல்லைக்கோடு எடுத்துக்காட்டப்பட்டது. வழக்கு தோற்ற ஒரே காரணத்துக்காக ஒரு வக்கீலின் தொழிலைப் பறிக்க முடியாது. எனக்குப் போன் செய்த வக்கீல் மாணவருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1961-ல் வழக்கறிஞர் சட்டம் வந்தது. இப்போது நடப்பது அதுதான். புகாரை மாநில பார் கவுன்சிலுக்கு எழுதுகிறோம். முகாந்திரம் இருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். குழுவில் மூன்று பேர். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் மூத்த வழக்கறிஞர். இரு தரப்பையும் கேட்டுவிட்டு, புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யக்கூடாது என்று நிறுத்திவைக்கலாம், அல்லது பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளில் இந்திய பார் கவுன்சிலிலும், அங்கிருந்து 60 நாளில் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு.

வ.உ.சி. காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். விசாரிப்பது தொழில்காரர்கள். தண்டனையில் படிகள் இருக்கின்றன. மேலே போக வழி இருக்கிறது.

ஒரு தமிழ்நாட்டு வழக்கு

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு வழக்கு போதும். உச்ச நீதிமன்றம் 1978 அக்டோபர் 4-ல் தீர்ப்புச் சொன்னது. பெயர்கள் நமக்கு வேண்டாம்.

எழுபது வயதுக் காது கேளாத பெரியவர், அவருடைய வயதான மனைவி. தங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு 20,000 ரூபாய் கடன் கொடுத்திருந்தார்கள். 1969 ஆகஸ்டில் எழுதிய இரண்டு புரோநோட்டுகள், ஒன்று 15,000, மற்றொன்று 5,000. பணம் வராததால் வக்கீலிடம் போனார்கள். அவர் வழக்கே போடவில்லை. போட்டுவிட்டதாக நம்பவைத்தார். புரோநோட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கெடு தாண்டிப் போயிற்று.

தமிழ்நாடு பார் கவுன்சில் அவரை ஆறு ஆண்டு நிறுத்திவைத்தது. மேல்முறையீட்டில் இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. அவர் உச்ச நீதிமன்றமும் போனார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு வேறு மாதிரி யோசித்தது. தப்பு செய்திருக்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சும்மா வீட்டில் உட்காரவைப்பதால் யாருக்கு என்ன லாபம்? பாதிக்கப்பட்ட மூதாட்டிக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், நிறுத்திவைப்பு முடிந்ததும் தமிழ்நாட்டின் சட்ட உதவி அமைப்பின் கீழ் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டார்கள். எளியவர்களை ஏமாற்றியவர் எளியவர்களுக்கே உழைத்துத் திருந்தட்டும் என்ற எண்ணம். மூன்று நீதிபதிகளில் ஒருவரான ஏ.பி.சென், இப்படி உத்தரவிடச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்ற ஐயத்தையும் எழுதிவைத்தார். அதுவும் நியாயமான கேள்விதான்.

இதில் எனக்கு உறுத்தும் ஒன்றும் உண்டு. 20,000 ரூபாய் போன இடத்தில் 2,500 வந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்பது தொழிலின் மானத்தைக் காக்கத்தான் முதலில் உண்டானது, போன பணத்தை மீட்க அல்ல. பணத்துக்கு சிவில் வழக்கு, மோசடிக்குப் போலீஸ் புகார் என்று தனித்தனி வழிகள் உண்டு. புகார் கொடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும். டாக்டர்கள்மேல் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல்கள்மேல் அப்படிப் போக முடியாது என்று 2024 மே மாதம் சொல்லிவிட்டது. அதனால் பார் கவுன்சிலின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால்?

தொழில்காரர்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள் என்பது அழகான நம்பிக்கை. எல்லா இடத்திலும் அது பலித்ததா?

1994-ல் அலகாபாத்தில் நீதிபதியிடம் மூத்த வழக்கறிஞர் ஒருவர் நடந்துகொண்ட விதத்துக்காக உச்ச நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. அவர் அப்போது இந்திய பார் கவுன்சிலின் தலைவர்! 1995-ல் உச்ச நீதிமன்றமே அவருடைய தொழில் உரிமையை மூன்றாண்டு நிறுத்தியது. தலைவர்மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்கும் என்று யார் நம்புவது? ஆனால் 1998-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது. அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், ஆனால் வக்கீல் உரிமையைப் பறிப்பது பார் கவுன்சிலின் வேலை, நீதிமன்றம் அந்த வேலையைக் கையில் எடுக்கக் கூடாது என்றது.

அதே இழுபறி நம் மாநிலத்துக்கும் வந்தது. 2016 மே மாதம், வக்கீல்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குக் கொடுக்கும் விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவந்தது. மாநிலம் முழுக்க வக்கீல்கள் போராடினார்கள். ஜூலையில் இந்திய பார் கவுன்சில் 126 வக்கீல்களை இடைநீக்கம் செய்தது. விதிகள் பிறகு நிறுத்திவைக்கப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 1879-ல் தொடங்கிய கேள்வி 2016-லும் தீரவில்லை என்பதை மட்டும் பாருங்கள்.

மருத்துவத்தில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. நம் சென்னை மாகாணத்தில் டாக்டர்கள் பதிவுக்கு 1914-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் வேர் அங்கே இருக்கிறது. அகில இந்திய அளவில் மெடிக்கல் கவுன்சில். அதன் தலைவரையே 2010 ஏப்ரலில் லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது. கவுன்சிலைக் கலைத்துத் தற்காலிக நிர்வாகக் குழு போட்டார்கள். கடைசியில் 2019-ல் புதுச் சட்டம், 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம். ஆடிட்டர்கள் கதையும் அப்படித்தான். 1949-ல் சட்டத்தால் உண்டான அவர்களுடைய இன்ஸ்டிட்யூட்தான் ஒழுங்கு நடவடிக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனி கணக்கு மோசடி வெளியே வந்தது. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்களை விசாரிக்க 2018-ல் தனி ஆணையமே அமைந்துவிட்டது.

இங்கிலாந்திலும் இதே பாடம்தான். அங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 1858-லிருந்து இருக்கிறது. நீண்ட காலம் டாக்டர்களே நிரம்பிய அவை. ஹெரால்ட் ஷிப்மன் என்ற டாக்டர் தன் நோயாளிகளையே கொன்றவர் என்று 2000-ல் தண்டிக்கப்பட்டார். அவரை முன்பே ஒருமுறை வேறு குற்றத்துக்காக கவுன்சில் எச்சரித்து விட்டிருந்தது. அதன்பின் நடந்த பெரிய விசாரணைக்குப் பிறகு முறையே மாறியது. இன்று அந்தக் கவுன்சிலில் 12 பேரில் பாதிப்பேர் டாக்டர்கள் அல்லாத பொதுமக்கள். குற்றச்சாட்டு தயாரிப்பது ஒரு பிரிவு, தீர்ப்புச் சொல்வது 2012 முதல் தனித் தீர்ப்பாயம். நம் பார் கவுன்சிலின் மூன்று பேர் குழுவில் இன்றுவரை மூவரும் வக்கீல்கள். புகார் கொடுக்கிற மலைவாசி அங்கே போய் நிற்கும்போது எதிரே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கோட்டு போட்டவர்கள். நியாயமாகவே நடந்தாலும் அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நம் தொழிலுக்கு வருவோம்

என் மாணவர்களில் ஆசிரியர் ஆனவர்கள் நிறையப் பேர். நமக்கு டாக்டர், வக்கீல் மாதிரி பதிவுப் பட்டியல் வைத்து விசாரிக்கும் கவுன்சில் கிடையாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் என்று ஒன்று 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது பயிற்சி நிறுவனங்களையும் தகுதிகளையும் பார்க்கிறது, தனி ஆசிரியரை விசாரிப்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு விதிகள். '17(ஏ)', '17(பி)' என்று ஸ்டாஃப் ரூமில் அடிபடும் பெயர்கள் அங்கிருந்து வந்தவைதான். சிறிய தண்டனைக்கு 17(ஏ), பெரிய தண்டனைக்கு 17(பி). 17(பி)-யில் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு காலத்தில் அதுவும் கிடையாது. 'நாளை முதல் வர வேண்டாம்' என்று நிர்வாகம் வாயால் சொன்னால் வேலை போயிற்று. 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டம்தான், விசாரணை இல்லாமலும் கல்வித்துறை அனுமதி இல்லாமலும் நீக்கக் கூடாது என்று வைத்தது. ஆசிரியர் சங்கங்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 17(பி) என்பது முதலாளி வேலைக்காரர்மேல் எடுக்கும் நடவடிக்கை. தொழில் தன் உறுப்பினரைக் கேட்கும் கேள்வி அல்ல. ஒரு ஆசிரியர் குழந்தையைக் காயப்படுத்தினால், நம் சங்கங்கள் பெரும்பாலும் அவருக்காக வாதாடத்தான் போகின்றன. அவர் மறுபடி வகுப்பறைக்குள் போகத் தகுதியானவரா என்று ஆசிரியர்களாகிய நாம் உட்கார்ந்து கேட்பதில்லை. உறுப்பினரின் வேலையைக் காப்பது சங்கத்தின் கடமை, மறுக்கவில்லை. அந்தக் குழந்தை பக்கம் நிற்க நம் தொழிலில் ஒரு இடம் வேண்டாமா? இதை நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சக ஆசிரியர்கள் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

என் இரண்டு மாணவர்களுக்கும், உங்கள் எல்லாருக்கும்

சாமை விதைக்கும் மாணவருக்குச் சொன்னது இது. நஷ்டஈட்டில் பங்கு என்று வக்கீல் பேசியிருந்தால் அதுவே விதிப்படி தப்பு. வழக்கின் வெற்றியில் பங்கு கேட்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. முதலில் பணத்துக்கும் செலவுக்கும் கணக்குக் கேட்டு பதிவுத் தபாலில் கடிதம் எழுது. தீர்ப்பு நகல், பணம் பட்டுவாடா ஆன விவரம், நீ கொடுத்த காசுக்கு ரசீது, எல்லாவற்றையும் சேர்த்து வை. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் பார் கவுன்சிலுக்கு எழுது. எழுதத் தயக்கமாக இருந்தால் தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, இலவசமாக உதவுவார்கள். கோபத்தில் நான்கு பொய் சேர்த்து எழுதாதே. நடந்ததை மட்டும் தேதியோடு எழுது.

வக்கீல் மாணவருக்குச் சொன்னது: நோட்டீசுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதே. கட்டைப் புரட்டி, வாய்தா வாரியாக நீ செய்ததை எழுதிக் கொடு. வழக்கு தோற்றது ஒழுங்கீனம் ஆகாது. கட்சிக்காரரிடம் வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் இனிமேலாவது ரசீது கொடு.

நான் படித்ததில் எனக்கு நின்றது மூன்று கேள்விகள். ஒரு மனிதரின் தொழிலைத் தொடும் எந்த அமைப்பையும் இவற்றை வைத்து எடை போடலாம். எது தப்பு என்று முன்பே எழுதி எல்லாருக்கும் தெரிய வைத்திருக்கிறார்களா? தீர்ப்புச் சொல்பவர் ஆட்சிக்கும் கட்டுப்படாமல், சகபாடி பாசத்துக்கும் கட்டுப்படாமல் இருக்கிறாரா? திருந்தியவர் திரும்பி வர வழி இருக்கிறதா? உத்திரமேரூர்க்காரர்கள் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள். இரண்டாவதில் எல்லா நாடும் இன்னும் திணறுகிறது. மூன்றாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வ.உ.சி. பட்ட பாடே சாட்சி. இத்தனைக்கும் அவர் எந்தக் கட்சிக்காரரையும் ஏமாற்றியதற்காகச் சன்னது இழக்கவில்லை.

வக்கீல், டாக்டர், நர்ஸ், ஆடிட்டர், ஆசிரியர் என்று எத்தனையோ பேர் என் வகுப்பிலிருந்து போயிருக்கிறீர்கள். நாளை உங்களில் சிலர் இந்தக் கவுன்சில்களில் உறுப்பினராகவும் உட்காரலாம். எதிரே நிற்பவர் குற்றவாளியாக இருந்தாலும் அவருக்குப் பின்னால் ஒரு அடுப்பு இருக்கிறது, புகார் கொடுத்தவருக்குப் பின்னாலும் ஒரு அடுப்பு இருக்கிறது. இரண்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலில் இது எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். சட்டம் படித்தவர்கள் நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் சேருங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்,
காவலூர், ஜவ்வாது மலை.